தேடற்பொறியும் தமிழ் எழுத்தும்: பண்டத்தரிப்பை முன்னிறுத்திய சில குறிப்புகள்

ஒரு நூலோ கட்டுரையோ சமுதாயத்திற் பயன்படுவதற்கு, அது எழுதப்பட்டு அச்சேறினால் மட்டும் போதாது. அதனை வேண்டி நிற்கும் வாசகன் அதனைக் கண்டடையவும் வேண்டும். இலக்கிய வரலாறு எழுதுவோர் ஆக்கியோனைப் பற்றியும் ஆக்கத்தைப் பற்றியும் விரிவாகப் பேசுவர். இவ்விரண்டிற்கும் வாசகனுக்கும் இடையேயுள்ள வழியினைப் பெரும்பாலும் அவர்கள் கருத்திற் கொள்வதில்லை. அச்சுக் காலத்தில் அவ்வழியாக அமைந்தவை நூற்பட்டியலும், நூலகமும், புத்தகக் கடையும், ஆசிரியரின் வாய்மொழியுமாகும். இன்று அவற்றின் இடத்திற் பெரும்பங்கைத் தேடற்பொறி பிடித்துக்கொண்டுள்ளது. தன் ஊரின் வரலாற்றை அறிய விரும்பும் ஒரு மாணவன் முதலில் நாடுவது கைத்தொலைபேசியின் தேடற் கட்டத்தையே. அங்குக் கிடைக்காதது எங்கும் இல்லை என்று அவன் முடிவு செய்தால் அவனைக் குறைகூறிப் பயனில்லை.

இந்நிலையில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. தேடற்பொறி தமிழ் எழுத்தை எவ்வாறு கண்டுகொள்கின்றது, எதனடிப்படையில் ஒன்றை முன்னும் இன்னொன்றைப் பின்னும் வைக்கின்றது என்பது முதலாவது. தமிழில் எழுதுவோர் தம் எழுத்துக் கண்டடையப்படுதற்குச் செய்யத்தக்கவை யாவை என்பது இரண்டாவது. இவற்றைப் பொதுப்படப் பேசுவதிலும், யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள பண்டத்தரிப்பு என்னும் ஊரினை எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குவது தெளிவு தரும்.

1. ஓர் ஊரும் பல பெயர்களும்

பண்டத்தரிப்பு, வலிகாமம் தென்மேற்குப் பகுதியைச் சேர்ந்த ஊர். தமிழிலேயே இப்பெயர் பண்டத்தரிப்பு என்றும் பண்டத்தெரிப்பு என்றும் இருவகையாக எழுதப்படுகின்றது. ஐரோப்பியரின் ஏடுகளில் வேறுபாடு இன்னும் மிகுதி. ஒல்லாந்த மதகுருவான பல்தேயுஸ் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூலில் இவ்வூர் ஓர் எழுத்துக்கூட்டலில் வருகின்றது. 1816இல் தெல்லிப்பழையிற் பணிதொடங்கிய அமெரிக்க மிஷனின் அறிக்கைகளிலோ ஏறத்தாழப் ‘பண்டிதெரிப்போ’ என்று ஒலிக்கத்தக்கதாய் அது எழுதப்பட்டுள்ளது. அமெரிக்காவிலிருந்து வந்த முதல் மருத்துவ மிஷனரியான ஜோன் ஸ்கடர் 1820இல் இவ்வூரையே தம் நிலையமாகக் கொண்டார். பின்னர் அவர் சென்னைக்குச் சென்றார். வேலூர் மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அவருடைய பேர்த்தியாவார். இன்றைய அரச ஆவணங்களில் வழங்கும் ஆங்கில எழுத்துக்கூட்டலோ மிஷன் வழங்கியதினின்றும் வேறானது.

இதன் விளைவு யாது? தமிழிற் பெயரைத் தட்டுபவர்முன் ஒரு தொகுதி வந்து நிற்கும். இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடுபவர்முன் வேறொரு தொகுதி வரும். மிஷன் எழுத்துக்கூட்டலை அறிந்தவர்முன் மூன்றாவதொன்று வரும். தேடற்பொறிகள் ஒத்த சொற்களை ஓரளவு இணைத்துப் பார்க்கக் கற்றுள்ளன என்பது உண்மையே. ஆயினும் பெருநகரங்களின் பெயர்களுக்குக் கிடைக்கும் அவ்வுதவி ஒரு சிற்றூரின் பெயருக்கும் கிடைக்கும் என நம்பியிருக்க இயலாது.

இவ்விடத்தில் இன்னொன்றையும் மனங்கொள்ள வேண்டும். மிஷனின் பண்டத்தரிப்பு இத்துணை விரிவாகப் பதிவுபெற்றமைக்குக் காரணம் உண்டு. கடல்கடந்து பணம் உதவியோருக்குக் கணக்கும் செய்தியும் அனுப்பவேண்டிய தேவை மிஷனுக்கு இருந்தது. அத்தேவையே அறிக்கைகளாகவும் சஞ்சிகைகளாகவும் உருப்பெற்றது. அவை அமெரிக்க நூலகங்களிற் பேணப்பட்டு, பிற்காலத்தில் மின்வடிவமும் பெற்றன. அதே காலத்தில் அவ்வூரின் தோட்டங்களில் நீரிறைத்தவனும், பனையேறியவனும், பிறர் நிலத்திற் கூலிக்கு நின்ற பெண்ணும் எவருக்கும் அறிக்கை எழுதவில்லை. தேடற்பொறி இவ்வேறுபாட்டைப் புதிதாகப் படைக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஏற்றத்தாழ்வைச் சுவறிக்கொண்டு, அதனையே ‘பெறுபேறு’ என்ற பெயரில் நம்முன் வைக்கின்றது.

2. சொல்லடைவு

தேடற்பொறி வினவப்படும் அக்கணத்தில் உலகெங்கும் ஓடித் தேடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. முன்னரே தொகுத்து வைத்த ஒரு மாபெரும் சொல்லடைவையே அது புரட்டிப் பார்க்கின்றது.

சொல்லடைவு தமிழ் ஆய்வாளர்க்குப் புதியதன்று. செய்யுளாய் மனனஞ் செய்யப்பட்ட நிகண்டிலிருந்து அகரவரிசைக்கு மாறியது தமிழ்க் கல்வியில் ஏற்பட்ட பெருமாற்றங்களுள் ஒன்று. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் அம்மாற்றத்தைத் தொடக்கி வைத்தது. பண்டத்தரிப்பிலிருந்து அதிக தூரமில்லாத மானிப்பாயின் பெயரால் வழங்கும் யாழ்ப்பாண அகராதி 1842இல் வெளிவந்தது. அச்சான தமிழ் நூல்களை ஜோன் மேர்டொக் 1865இல் வகைப்படுத்திப் பட்டியலிட்டார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இற் பாவலர் சரித்திர தீபகத்தை மானிப்பாயில் வெளியிட்டார். 1967 முதலாகப் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியத்திற்குச் சொல்லடைவினைத் தொகுதிகளாக வெளியிட்டது. குறித்த ஒரு சொல் எந்நூலில் எவ்விடத்தில் வருகின்றது என்பதை அதனைக்கொண்டு அறியலாம்.

தேடற்பொறியின் அடிப்படையும் இதுவே. அதன் வேலையை மூன்று படிகளாகப் பிரிக்கலாம். முதலாவது, ஊர்தல். அதற்கென அமைந்த நிரலொன்று ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்துக்கும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் செல்கின்றது. எவரும் இணைப்புக் கொடாத பக்கம் கிணற்றுக்குட் கிடக்கும் கல்லைப் போன்றது. நிரல் அதனைச் சென்றடைவது அரிது. இரண்டாவது, அடைவாக்கல். பக்கத்திலுள்ள சொற்கள் பிரித்தெடுக்கப்பட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே அது வரும் பக்கங்கள் குறிக்கப்படுகின்றன. மூன்றாவது, வரிசைப்படுத்தல். ஒரு சொல் வரும் பல்லாயிரம் பக்கங்களுள் எது முதலில் வைக்கப்படல் வேண்டும் என்று தீர்மானித்தல். முதலிரண்டும் பெருமளவு தொழில்நுட்பம் சார்ந்தவை. மூன்றாவதிலேயே சமூக உறவுகள் வெளிப்படையாக நுழைகின்றன.

3. மேற்கோளும் முதன்மையும்

1998இற் கூகிள் நிறுவனத்தைத் தோற்றுவித்த லரி பேஜ், சேர்ஜி பிரின் ஆகிய இருவரும் அப்போது ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவர். அவர்கள் கையாண்ட முதன்மையான கருத்து ஆய்வுலகிலிருந்து பெறப்பட்டது. பிற ஆய்வாளர் அடிக்கடி மேற்கோள் காட்டும் கட்டுரை முக்கியமானது என்ற கொள்கையில், யூஜின் கார்பீல்ட் 1960களில் அறிவியல் மேற்கோள் அடைவினை வெளியிட்டு வந்தார். அதனையே இணையத்துக்குப் பொருத்தி, ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் கொடுக்கும் இணைப்பினை மேற்கோளாக அவர்கள் கணித்தனர். எல்லா இணைப்பும் சமமல்ல. தானே பலரால் இணைக்கப்பட்ட ஒரு பக்கம் கொடுக்கும் இணைப்பு, எவராலும் இணைக்கப்படாத பக்கம் கொடுப்பதிலும் பெருமதிப்பு உடையது.

இன்று வரிசைப்படுத்தலில் வேறு பல காரணிகளும் சேர்ந்துள்ளன. பக்கத்தின் தலைப்பிலும் முற்பகுதியிலும் தேடப்படும் சொல் உள்ளதா, கைத்தொலைபேசியில் அது விரைவாகத் திறக்கின்றதா, தேடுபவர் எந்நாட்டில் எம்மொழியில் இருக்கின்றார் என்பன அவற்றுட் சில. ஆயினும் மேற்கோள் என்ற அடிப்படை மறையவில்லை. ஏமாற்று வழிகளும் இதனாலேயே தோன்றின. ஒரு சொல்லையே பக்கமெங்கும் திணித்தலும், இணைப்புகளை விலைக்கு வாங்குதலும் சிலகாலம் பயன் தந்தன. 2011இலும் 2012இலும் கூகிள் செய்த பெரிய மாற்றங்கள் தரமற்ற பக்கங்களையும் செயற்கை இணைப்புகளையும் பின்னுக்குத் தள்ளின. குறுக்குவழி காட்டுவதாகக் கூறி இன்றும் பணம் கேட்போரை இப்பின்னணியிலேயே மதிப்பிட வேண்டும்.

இக்கொள்கையில் நமக்கொரு பாடம் உண்டு. முதன்மை என்பது எழுத்தினுள்ளே தானாக உறையும் பண்பன்று. பிறர் அதனைச் சுட்டுவதாற் பிறப்பது. தமிழில் எழுதுவோர் ஒருவரையொருவர் பெயர்சுட்டி மேற்கோள் காட்டத் தயங்கும் வழக்கம் இங்கேயே தன் விலையைக் கேட்கின்றது. ‘ஓர் ஆய்வாளர் கூறுவர்’ என்று எழுதிச் செல்லும்போது நாம் அறிவுலக மரியாதையை மட்டும் மறுக்கவில்லை. அவ்வாய்வாளர் கண்டடையப்படுவதற்குரிய வழியினையும் அடைத்துவிடுகின்றோம்.

4. தமிழ் எழுத்தின் தனிச் சிக்கல்கள்

தமிழ் எழுத்துத் தேடற்பொறியை எட்டாது போவதற்கு வேறு சில காரணங்களும் உள.

முதலாவது, எழுத்துருச் சிக்கல். இலங்கையில் நீண்ட காலமாக வழங்கிய பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல்லைத் தட்டினால், கணினி தன்னுள்ளே சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு உரோமன் எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. திரையிலே தமிழாய்த் தோன்றுவது அவ்வெழுத்துருவின் போர்வை மட்டுமே. தமிழ் என்று தேடுபவருக்கு அது ஒருபோதும் அகப்படாது. 1991இல் வெளிவந்த ஒருங்குகுறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் வகுக்கப்பட்டது. அவ்வாறிருந்தும், அச்சகத் தேவைக்காகப் பழைய எழுத்துருவிற் கோக்கப்பட்ட மலர்களும் சஞ்சிகைகளும் அப்படியே இணையத்தில் ஏற்றப்படுவதுண்டு.

இரண்டாவது, ஒத்த தோற்றமுடைய எழுத்துகள். ஔவையார் என்பதன் முதலெழுத்தை ஔ எனத் தனியெழுத்தாகவும் இடலாம். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டும் அதே தோற்றத்தைப் பெறலாம். கண்ணுக்கு ஒன்றாய்த் தெரியும் இவ்விரண்டும் சொல்லடைவில் வெவ்வேறு சொற்களாகும்.

மூன்றாவது, மொழியின் இயல்பு. பண்டத்தரிப்பில், பண்டத்தரிப்பின், பண்டத்தரிப்பிலிருந்து என வேற்றுமையேற்று நிற்கும் வடிவங்களை ஒரே பெயர் என்று இயந்திரம் எப்போதும் உணர்வதில்லை. புணர்ச்சியாற் சொற்கள் ஒன்றாகிவிடின் சிக்கல் மேலும் பெருகும். நம்மைப் போன்று புணர்த்தெழுதப் பழகியோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

நான்காவது, படமாகிவிட்ட எழுத்து. இது மற்றெல்லாவற்றிலும் பாரதூரமானது. 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய அழிவில் யாழ்ப்பாணப் பொதுநூலகமும் அதிலிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் எரிந்தன. அவ்விழப்பின் நினைவு ஈழத்து நூல்களை மின்வடிவிற் பேணும் முயற்சிகளுக்கு உந்துதலாய் நின்றது. 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் அவற்றுள் முதன்மையானது. பழைய நூலொன்றின் பக்கங்களைப் படம்பிடித்துக் கோப்பாக்கும்போது நூல் காப்பாற்றப்படுகின்றது. அதிலுள்ள சொற்களோ படத்தின் கோடுகளாகவே நிற்கின்றன. எழுத்துணரி நிரல்கள் இப்போது தமிழிலும் இயங்குகின்றன என்றாலும் மங்கிய தாளும் பழைய அச்சும் அவற்றைத் தடுமாறச் செய்யும். இந்நிலையில் நூலகத் திட்டத்தார் செய்யும் ஒரு பணி தனியாகக் குறிப்பிடத்தக்கது. சஞ்சிகையின் படக்கோப்போடு அதன் ஆண்டு, ஆசிரியர், பொருளடக்கம் முதலியவற்றைத் தட்டச்சுச் செய்து ஒரு பக்கமாக வைக்கின்றனர். தேடற்பொறி வாசிப்பது அப்பக்கத்தையே. ஐம்பதாண்டுக்கு முற்பட்ட ஒரு கட்டுரை இன்று ஒரு மாணவனை வந்தடைகின்றதெனின், அக்கட்டுரையின் தலைப்பை எவரோ ஒருவர் அமர்ந்து தட்டச்சுச் செய்தார் என்பதே பெரும்பாலும் காரணமாகும். காணப்படுதல் உழைப்பின் விளைவு என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

5. சந்தையும் காணப்படுதலும்

தேடற்பொறி பொதுநூலகமன்று, அது ஒரு வணிக நிறுவனத்தின் உற்பத்திக் கருவி. கூகிளின் வருமானத்திற் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருவது. தேடுபவரின் கவனம் அங்கே விளம்பரகாரருக்கு விற்கப்படும் பண்டமாகின்றது. இணைப்புக் கொடுத்தோரும், விளக்கம் எழுதினோரும், பொருளடக்கம் தட்டியோரும் கூலியின்றிச் செய்த உழைப்பை அடிப்படையாகக் கொண்டே அந்நிறுவனம் தன் அடைவை அமைத்துக்கொள்கின்றது. 2024 ஓகஸ்டில் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றமொன்று, தேடற் சந்தையிற் கூகிள் தனியுரிமையைச் சட்டத்துக்கு மாறாகப் பேணியது எனத் தீர்ப்பளித்தது. தனியுரிமை என்பது இங்கு வெறும் பொருளாதாரச் சொல்லன்று. எது வாசிக்கப்படும் என்பதற்கான வாயில் ஒருவர் கையில் இருப்பதே அதன் பொருள்.

2018 பெப்ரவரியிற் கூகிள் தன் விளம்பரத் திட்டத்தைத் தமிழ்ப் பக்கங்களுக்கும் திறந்துவிட்டது. அதனால் தமிழ்ப் பக்கமொன்று பார்வையின் எண்ணிக்கைக்கேற்பப் பணம் ஈட்டத்தக்கதாயிற்று. எழுதுவோர் சிலருக்கு அது வருவாய் தந்தது. அதனை முற்றாகப் பழித்தல் நேர்மையாகாது. ஆயினும் பார்வைக்காகவே எழுதப்படும் பக்கம், பயன்பாட்டுக்காக எழுதப்படும் பக்கத்தோடு ஒரே வரிசையிற் போட்டியிட வேண்டிய நிலையும் அதனால் வலுப்பெற்றது. 2024 முதல் தேடற்பொறி தானே விடையைத் தொகுத்து மேலே தருவதும் பரவிவருகின்றது. அவ்விடைக்கு மூலமான பக்கத்தை வாசகன் திறந்து பாராமலே போகலாம்.

இவ்வாறாயின் தமிழ் எழுத்தாளன் தேடற்பொறியைப் புறக்கணிக்கலாமா? முடியாது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அம்மக்களிற் பலரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வளர்கின்றனர். அவர்களுட் பலர் தம் பாட்டியின் ஊரைத் தேடுவது உரோமன் எழுத்திலேயாம். அவர்களுக்கு முதலில் அகப்படுவது மிஷனின் பண்டத்தரிப்பு மட்டுமாயின், அவ்வூரில் உழைத்து வாழ்ந்தவர்கள் இரண்டாம் முறையும் வரலாற்றிலிருந்து வெளியேற்றப்படுவர். 1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், 1968இன் மாவிட்டபுரக் கோவில் நுழைவுப் போராட்டமும் இதே வலிகாமத்தின் வரலாறே. அத்தகைய போராட்டங்களின் துண்டுப்பிரசுரங்கள் நூலாய் நின்று நிலைப்பதற்கென அச்சிடப்பட்டவையல்ல. அவற்றைப் படமாக்கிப் பேணினாலும், பெயரிட்டு விவரிக்காவிடின் அவை இருந்தும் இல்லாதனவேயாகும்.

6. செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்கு உரியனவாகச் சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

ஒன்று: எழுத்து ஒருங்குகுறியில் இருத்தல் வேண்டும். பழைய எழுத்துருவிலுள்ள கோப்புகளை மாற்றித் தரும் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன; மாற்றியபின் மெய்ப்புப் பார்த்தல் அவசியம்.

இரண்டு: தலைப்பு பொருளைச் சொல்ல வேண்டும். ‘நினைவின் நிழல்கள்’ என்ற தலைப்பு அழகாயிருக்கலாம். தேடுபவன் அச்சொற்களைத் தட்டமாட்டான். ‘பண்டத்தரிப்பின் சுருட்டுத் தொழிலாளர்’ என்று ஒரு கட்டுரைக்குப் பெயரிட்டால் அதனை வேண்டுபவன் வந்து சேர்வான். உருவகத் தலைப்பை விட மனமில்லாதார் அதனை முன்வைத்து, ஊரும் பொருளும் காலமும் கூறும் துணைத்தலைப்பினைச் சேர்க்கலாம்.

மூன்று: ஊர்ப்பெயர், ஆட்பெயர் ஆகியவற்றின் மாற்று வடிவங்களை முதற் பந்தியிலேயே ஒருமுறை தருதல் நன்று. இன்றைய ஆங்கில வடிவத்தையும் மிஷன் ஏடுகளின் வடிவத்தையும் உரோமன் எழுத்திலேயே குறிப்பிட்டால், மூன்று தொகுதிகளாய்ப் பிரிந்து கிடக்கும் செய்திகளுக்கு அக்கட்டுரை ஒரு பாலமாகும். பெயரின் திரிபற்ற வடிவம் ஓரிடத்திலேனும் வேற்றுமையுருபின்றி வரவேண்டும். ஆங்கிலத்திற் சில வரிச் சுருக்கமொன்றைச் சேர்த்தலும் பயனுடையது.

நான்கு: ஒரு பொருளுக்கு ஒரு பக்கமும் அதற்கு மாறாத முகவரியும் வேண்டும். முகவரிக் கட்டணம் செலுத்தப்படாமையால் ஓர் இணையத்தளம் மறையும்போது அதற்குப் பிறர் கொடுத்த மேற்கோள்களும் வீணாகின்றன. எனவே தனித்தளத்தில் வெளியிடுவதன் பிரதியொன்றைப் பொதுவான மின்னூலகத்திலும் ஒப்படைத்தல் வேண்டும்.

ஐந்து: படத்துக்கும் படக்கோப்புக்கும் எழுத்தில் விளக்கம் அளித்தல் வேண்டும். முழுவதையும் தட்டச்சுச் செய்ய இயலாவிடின் பொருளடக்கத்தையும் ஐந்தாறு வரிச் சுருக்கத்தையும் தரலாம். தளத்தின் பக்கப் பட்டியலைத் தேடற்பொறிக்கு நேரே அறிவிக்கும் வசதியும் கட்டணமின்றியே உண்டு.

ஆறு: ஒருவரையொருவர் பெயர்சுட்டி இணைத்தல். விக்கிப்பீடியாவில் தம் பக்கத்துக்கு இணைப்பிட்டால் வரிசை உயரும் என்று சிலர் எண்ணுகின்றனர். அங்கிருந்து வெளிச்செல்லும் இணைப்புகளை வரிசைக்குக் கணக்கெடுக்க வேண்டா எனும் குறிப்பு 2007 முதல் இடப்பட்டு வருகின்றது. எனவே தன்விளம்பரத்துக்காக அங்குச் செல்வதிற் பயனில்லை. ஊரைப் பற்றிய கட்டுரையைச் சான்றுகளோடு செம்மைப்படுத்தினால், அதனை வாசிப்போர் மூலங்களையும் நாடுவர்.

இவற்றுட் பல ஒருவர் தனித்துச் செய்யக்கூடியவை. ஆனால் தனித்தனியே முதலிடத்துக்குப் போட்டியிடுவதாக இம்முயற்சியை விளங்கிக்கொண்டால், சந்தையின் விதியையே நாம் ஏற்றவராவோம். முதலிடம் ஒன்றே, அதனை ஒருவர் பெற்றால் மற்றவர் இழப்பர். மேற்கோளோ அத்தகையதன்று. பத்துப்பேர் தம் ஊர்களின் உழைப்பாளரைப் பற்றி எழுதி ஒருவரையொருவர் சுட்டினால், பத்துப்பேரும் கண்டடையப்படுவர். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தாம் வெளியிட்ட பழைய இதழ்களின் பொருளடக்கங்களைத் தட்டச்சுச் செய்து வெளியிடுவதிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. விடுமுறைக் காலத்திற் சில மாணவர் முறைவைத்து உழைத்தால் ஓராண்டில் முடியும். பண்டத்தரிப்பைத் தேடி வரும் ஒருவன்முன் அவ்வூரின் மருத்துவ மிஷனரியோடு, அவ்வூரின் உழைப்பாளியும் ஒருங்கே நிற்கவேண்டும் என்பதே நோக்கம். அதனை எந்தத் தேடற்பொறியும் நமக்காகச் செய்து தராது.